ஸ்ரீஹரிகோட்டா வாசலில் ரெட்டியார்பாளையத்துக்காரர்

அதிகாலை 4.30. வண்டி தெருவில் திரும்பியதும் முன்விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒரு ஜோடி கறுப்பு ஷூ. முகம் பார்க்கலாம் போலப் பாலிஷ் போட்டிருந்தது. அதற்கு மேலே மடிப்புக் கலையாத பேண்ட், முழுக்கைச் சட்டை. அதற்கும் மேலே என் தங்கையின் கணவர் மிஷேல். ரெட்டியார்பாளையத்தில் அவருடைய வீட்டு வாசலில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“அஞ்சு நிமிஷம் லேட்டு மச்சான்,” என்றார்.

மிஷேல் பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து ஆண்டுகள் இருந்தவர். புதுச்சேரியில் இவர்களைச் ‘சொல்தா’ என்போம். 1962இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. மிஷேலின் அப்பா எழுதிக் கொடுத்தார். அதன் பலனாக மிஷேலுக்குப் பட்டாளமும், இப்போது மாதாமாதம் யூரோவில் ஓய்வூதியமும். மற்றபடி அவர் பிறந்தது, கல்யாணம் செய்தது, தினமும் மீன் பேரம் பேசுவது எல்லாம் ரெட்டியார்பாளையத்தில்தான்.

இது 2007ஆம் ஆண்டு மே மாதம். காலையில் ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையம், மாலையில் கடற்கரை, அன்றே வீடு. திட்டம் போட்டது மிஷேலின் ஒரே மகள் ரெஜினா. வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தாள். ஜூலையில் அவளைப் பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செலில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிப் படிக்கவைப்பது என்று மிஷேல் முடிவு செய்திருந்தார். பயணச்சீட்டும் வந்துவிட்டது. அவளுக்குப் போக விருப்பமில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளிடம் யாரும் கேட்கவில்லை. போவதற்கு முன் ராக்கெட் விடும் இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மட்டும் அவள் கேட்டாள். அந்த மையத்தில் பொறியாளராக இருக்கும் என் நண்பர் மூலம் நான்கு பேருக்கு அனுமதி கிடைத்தது: நான், தங்கை ஸ்டெல்லா, மிஷேல், ரெஜினா. காலை பத்து மணிக்குள் வாசலில் இருக்க வேண்டும். ஆளுக்கொரு புகைப்பட அடையாள அட்டை வேண்டும்.

வாடகை சுமோ, கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய். ஓட்டுநர் குமார் அரியாங்குப்பத்துக்காரர். ஸ்ரீஹரிகோட்டா வரை ஒரு வழிக்குச் சுமார் 250 கிலோமீட்டர்.

5.00. கனகசெட்டிக்குளம். புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடம். சாலையின் கிழக்கே படகுகள் கடலுக்குள் போய்விட்டிருந்தன. எல்லை தாண்டியதும் சோதனைச் சாவடி. புதுச்சேரி எண் போட்ட வண்டி என்றால் பாட்டில் இருக்கும் என்பது அங்கே இருப்பவர்களின் அனுபவம். காவலர் ஒருவர் டார்ச்சை உள்ளே அடித்தார்.

“எத்தினி பாட்டிலு?”

“ஒண்ணும் இல்ல சார். ராக்கெட் பாக்கப் போறோம்,” என்றார் குமார்.

“சரக்கு போடாமலே ராக்கெட்டா? எறங்கு எறங்கு. எல்லாம் எறங்குங்க. பைய தொற.”

மிஷேல் இறங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அடர்சிவப்பு நிறத்தில் ஒன்றை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். காவலர் டார்ச் அடித்துப் புரட்டினார். மேலட்டையில் இருந்த பொன்னெழுத்தைப் பார்த்தார். மிஷேலின் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது.

“ஃபாரினா சார்? உக்காருங்க, உக்காருங்க. நீ போப்பா.”

வண்டி நகர்ந்தது. “பாத்தியா மச்சான்?” என்று மிஷேல் பாஸ்போர்ட்டைத் திரும்பப் பையில் வைத்தார். “இத காட்டுனா எவனும் மேல பேச மாட்டான்.”

நான் பின் இருக்கையிலிருந்து முன்னால் குனிந்தேன். “லைசென்ஸ் எடுத்துனு வந்தீங்களா மாப்ள?”

“எதுக்கு? அது பிளாஸ்டிக் அட்ட. இதவிடப் பெரிய ஐடி இருக்குதா? புள்ளைக்கும் எடுத்து ஸ்டெல்லா பையில வெச்சிருக்கேன்.”

பாதுகாக்கப்பட்ட இடத்துக்குள் வெளிநாட்டவர் போகத் தனி அனுமதி வேண்டும். இது எனக்குத் தெரியும். பத்திரிகை அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக இருப்பவனுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் நண்பரிடம் பெயர்களைச் சொன்னபோது ‘மிஷேல், ரெட்டியார்பாளையம்’ என்றுதான் சொன்னேன். என் தங்கை வீட்டுக்காரர் வெளிநாட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. புதுச்சேரியில் யாருக்கும் தோன்றாது.

5.35. மரக்காணம். டீ மூன்று ரூபாய். மற்றவர்கள் குடித்துக்கொண்டிருக்க, நான் உப்பளத்துப் பக்கமாக ஒதுங்கி நண்பரைக் கூப்பிட்டேன். தூக்கத்தில் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் தூக்கம் போய்விட்டது.

“ஃபாரின் பாஸ்போர்ட்டா? என்னய்யா இது, முன்னாடியே சொல்ல மாட்டே? அதுக்கு டெல்லி வரைக்கும் போகணும். மாசக்கணக்குல ஆகும். அவர கூட்டிட்டு வராதே.”

ரெஜினாவைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திரும்பி வந்து சொன்னேன். மிஷேல் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, வார்த்தைகள் குறையும்.

“நான் ஃபாரினரா?”

“பேப்பர்ல அப்டித்தான் மாப்ள.”

“ரெட்டியார்பாளையத்துல பொறந்தவன். என் அப்பனும் அங்கதான் பொறந்தாரு. எவன்டா ஃபாரினர்?”

“இப்பதான ஃபாரினர்னு சொல்லி பைய தொறக்காம வந்தீங்க,” என்றாள் ஸ்டெல்லா. “அப்ப இனிச்சிது. இப்ப கசக்குதா?”

குமார் சிரிப்பை அடக்க டீக்கடைக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, “மகாபலிபுரத்துல எறங்கி பீச்ச பாத்துட்டுத் திரும்பிடலாம் சார், பாதி வாடகைதான் ஆவும்,” என்றார்.

ரெஜினா பெஞ்சிலிருந்து எழுந்தாள். தன் பையிலிருந்து பள்ளி அடையாள அட்டையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல பேரு, கிளாசு, அட்ரஸு மட்டும்தான் மாமா இருக்குது. எந்த நாடுன்னு போடல,” என்றாள்.

அதற்குமேல் யாரும் விளக்கிப் பேசவில்லை. மிஷேல் சூலூர்பேட்டையில் இறங்கிக்கொள்வது, மற்ற மூவரும் உள்ளே போவது, ரெஜினா பள்ளி அட்டையைக் காட்டுவது என்று ஆயிற்று. அவளுடைய சிவப்புப் பாஸ்போர்ட் ஸ்டெல்லாவின் கைப்பையில், துண்டுக்கு அடியில் போனது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனோம். வழக்கமாக மிஷேல் வண்டியில் ஏறினால் ஆப்பிரிக்கப் பாலைவனம் வரைக்கும் கதை சொல்வார். அன்று முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னை நெரிசலில் ஒரு மணி நேரம் போயிற்று. கும்மிடிப்பூண்டி தாண்டும்போது 8.50. ஸ்டெல்லா ஜெபமாலையைக் கையில் எடுத்தவள், மகள் பார்ப்பதைக் கண்டு பையில் போட்டுக்கொண்டாள்.

9.20. சூலூர்பேட்டை. ஆந்திராவுக்குள் இருந்தாலும் கடைத்தெருவில் பாதிப் பேச்சு தமிழ். நான்கு இட்லி, வடை பன்னிரண்டு ரூபாய். ஓட்டல் வாசலில் குமார் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மிஷேலைப் பார்த்தார். மிஷேல் இறங்கவில்லை.

“கேட்டு வரைக்கும் வர்றேன்,” என்றார். “வண்டியிலயே உக்காந்துக்கறேன். புள்ள உள்ள போறத பாக்கணும்.”

“வாயத் தொறக்கக் கூடாது,” என்றாள் ஸ்டெல்லா.

“தொறக்கல.”

சூலூர்பேட்டையிலிருந்து தீவுக்குப் பதினெட்டு கிலோமீட்டர். பழவேற்காடு ஏரியைக் கிழித்துக்கொண்டு சாலை நேர்கோட்டில் போகிறது. குளிர்காலத்தில் வந்தால் இரண்டு பக்கமும் பூநாரைகள் நிற்கும் என்கிறார்கள். மே மாதத்தில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. வெடித்த சேறு, அதன்மேல் உப்பு வெள்ளை, நடுவில் கரையேறிக் கிடந்த ஒரு படகு. எதிரே வண்டியே வரவில்லை. ரெஜினா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கண்ணில் படாத ஏவுதளக் கோபுரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

9.50. வாசல். தடுப்புக் கம்பி, மணல் மூட்டை, துப்பாக்கியோடு இருவர். எங்களுக்கு முன்னால் ஒரு பொறியியல் கல்லூரிப் பேருந்து. மாணவர்கள் வரிசையாக நின்று செல்போன்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான், ஸ்டெல்லா, ரெஜினா இறங்கி மேசைக்குப் போனோம். வண்டி பத்தடி பின்னால் நின்றது. மிஷேல் முன் இருக்கையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வெயில் தாங்காமல் இறக்கினார்.

மேசையில் இருந்த அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டையில் இருந்தது தெலுங்குப் பெயர். தமிழ் நன்றாகப் பேசினார். அனுமதித் தாளைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார். வாக்காளர் அட்டையைக் காட்டினேன். ஸ்டெல்லா பெயர். காட்டினாள். ரெஜினா பெயர். பள்ளி அட்டையைக் கொடுத்தாள். அவர் படத்தையும் அவளையும் பார்த்துவிட்டு அட்டையை எங்களுடையவற்றின் மேல் வைத்தார். வைத்த சத்தம் கேட்டது.

“நாலு பேர்னு இருக்கு. ஒருத்தர் வரலையா?”

“வரல சார். உடம்பு சரியில்ல,” என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். எடுத்தவர், எந்தப் பெயர் என்று பார்ப்பதற்காகவோ என்னவோ, சத்தமாகப் படித்தார். முழுப் பெயரையும், பட்டாளத்து முகாமில் காலையில் படிப்பதுபோல.

“ப்ரெஸான்!”

எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல், பிரெஞ்சில் ‘ஆஜர்’ என்று. வண்டிக் கதவு திறந்து, மிஷேல் தார்ச்சாலையில் நின்றிருந்தார். குதிகால்கள் சேர்ந்து, கைகள் பேண்ட் தையலோடு ஒட்டி, முகவாய் நிமிர்ந்து. சீருடையும் துப்பாக்கியும் மேசையும் உள்ள இடத்தில் ஒருவன் தன் பெயரைக் கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பதினைந்து ஆண்டுகள் அவருக்குப் பழக்கியிருந்தார்கள். தான் செய்தது என்ன என்பது இரண்டு விநாடி கழித்துத்தான் அவர் முகத்தில் தெரிந்தது.

கல்லூரி மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குமார் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அதிகாரி எழுந்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, அவரும் கொஞ்சம் நிமிர்ந்தார். “எந்த ரெஜிமெண்ட்?”

மிஷேல் சொன்னார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. கேட்காமலே பாஸ்போர்ட்டையும் நீட்டினார்.

அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். “உங்கள அனுப்ப முடியாதுங்க. தனி கிளியரன்ஸ் வேணும். தப்பா நெனச்சுக்காதீங்க.”

“தெரியும் மெஸ்யே... சார்.”

“இவங்க?” அதிகாரியின் கண் ரெஜினாவிடம் போனது. “உங்க பொண்ணா?”

மிஷேல் தலையசைத்தார். மேசைமேல் பள்ளி அட்டை அப்படியே கிடந்தது. அதிகாரி அதை எடுத்தார், மறுபடி பார்த்தார், எங்கள் பக்கமாக நகர்த்தினார். பிறகு நிறுத்தினார்.

“ஏம்மா, ஸ்கூல் கார்டு போதும். உனக்குத் தனியா பாஸ்போர்ட் எதுவும் இருக்குதா?”

ஸ்டெல்லாவின் கை பையின் வாயை மூடியது. இல்லை என்று சொன்னால் அவர் பையைத் திறக்கப்போவதில்லை. அது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும். சாலையில் காற்று உப்பை வாரி அடித்தது. ரெஜினா அப்பாவைப் பார்க்கவில்லை. அதிகாரிக்குப் பின்னால், மரங்களுக்குள் போகும் சாலையைப் பார்த்தாள்.

“இருக்கு சார்,” என்றாள். “அம்மா பையில.”

“ரெஜி!” என்றாள் ஸ்டெல்லா.

“பப்பாவோடது மாதிரியே. சிவப்பு.”

அதிகாரி பள்ளி அட்டையை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார். “அப்ப முடியாதும்மா,” என்றார். மேசைக்கு அடியிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அவள் பக்கம் வைத்தார். அவள் குடிக்கவில்லை.

ஸ்டெல்லா கணவரிடம் போனாள். “ஒங்க வாய் சும்மாவே இருக்காதா? அங்க எவனாச்சும் ஒங்களுக்கு மெடல் குத்தறேன்னு கூப்ட்டானா?” மிஷேல் வண்டிப் பக்கம் நடந்தார். அவள் என்னிடம் வந்தாள். “நீ போண்ணா. நான் இவங்களோட இருக்கேன். நாலு பேர்ல ஒருத்தராச்சும் பாத்துட்டு வந்து சொல்லு.”

நான் மறுத்தேன். ரெஜினாதான், “போங்க மாமா,” என்றாள். “அந்த எடத்துலேர்ந்து கடல் தெரியுதான்னு மட்டும் பாத்துட்டு வாங்க.”

10.30 முதல் 1.00 வரை. கேமரா, செல்போன், பேனா எல்லாவற்றையும் வாசலில் கொடுத்துவிட்டு, மையத்தின் பேருந்தில் கல்லூரி மாணவர்களோடு போனேன். இதுவரை எத்தனையோ இடங்களுக்குச் செய்திக்காகப் போயிருக்கிறேன். கையில் பேனா இல்லாமல் ஓர் இடத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்தது இல்லை.

சாலையின் இருபுறமும் யூகலிப்டஸ், சவுக்கு. மாடுகள் குறுக்கே நின்றன. அரை மணி நேரம் காடு மாதிரிதான் இருந்தது. பிறகு மரங்களுக்கு மேல் திடீரென்று இடிதாங்கிக் கோபுரங்கள். முதலாவது ஏவுதளத்தில் ராக்கெட்டை அணைத்து நிற்கும் கோபுரம் எழுபத்தாறு மீட்டர் என்றார் வழிகாட்டி. அந்தக் கோபுரம் தண்டவாளத்தில் நிற்கிறது. ராக்கெட்டைக் கட்டி முடித்ததும் கோபுரம் பின்னால் நகர்ந்துவிடும்; ராக்கெட் தனியாக நிற்கும். அன்று ராக்கெட் இல்லை. கான்கிரீட்டில் ஒரு பெரிய பள்ளம், நெருப்பு வெளியேறும் வழி. அதன் சுவர் கறுத்திருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் ஒரு தொழிலாளி கருகிய புல்லைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். மாணவர்கள் உந்துவிசை பற்றிக் கேள்வி கேட்டார்கள். நான் கடல் தெரிகிறதா என்று கேட்டேன். வழிகாட்டி சிரித்தார். “கேக்கும் சார், பாருங்க,” என்றார். எல்லோரும் பேச்சை நிறுத்தியதும் கேட்டது. படியேறி மேலே நின்றால் சவுக்கு வரிசைக்கு அப்பால் ஒரு நீலக் கோடு தெரிந்தது.

1.15. வாசலுக்கு வெளியே சுமோ புளியமரத்து நிழலில் நின்றது. குமார் தூங்கிக்கொண்டிருந்தார். மிஷேல் சட்டையைக் கழற்றி மடித்துவைத்துவிட்டுப் பனியனோடு சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அப்படி நான் அவரைப் பார்த்ததில்லை. ரெஜினா நடந்து வந்தாள்.

“தெரியுதா?”

“தெரியுது. மேல ஏறினா. கீழ நின்னா சத்தம் மட்டும் கேக்குது.”

“எவ்ளோ தூரம் இருக்கும்?”

சென்னை வரைக்கும் அவள் கேட்டாள், நான் சொன்னேன். தண்டவாளம் எவ்வளவு அகலம், கோபுரத்தின் நிறம் என்ன, பள்ளம் எந்தத் திசையைப் பார்க்கிறது. தெரியாததைத் தெரியாது என்றேன். முன் இருக்கையில் மிஷேல் திரும்பவில்லை. ஆனால் பாட்டு போடப்போன குமாரின் கையைப் பிடித்துத் தடுத்தார்.

மாலை 7.05. புதுச்சேரி. ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டார்கள். தடுப்புக்குப் பக்கத்தில், சிவப்புத் தொப்பி போட்ட நம்மூர்க் காவலர் மிஷேலைப் பார்த்துக் கையைத் தூக்கினார். “என்னா மெஸ்யே, குடும்பத்தோட?” மிஷேல் லேசாகத் தலையசைத்தார். வழியில் அவர் வயதுக்காரர்கள் இருவர், “சவா, மிஷேல்?” என்று பிரெஞ்சில் நலம் கேட்டு நிறுத்தினார்கள். “சவா, சவா” என்று நிற்காமல் நடந்தார். வெயில் தாழ்ந்து வெளியே வந்த கூட்டம். சுண்டல் ஐந்து ரூபாய். நம்முடைய கடற்கரையில் மணல் இல்லை, கருங்கல்தான். காலை நீட்டி உட்கார்ந்தால் அலை தெறிக்கும்.

அப்பாவும் மகளும் ஒரே கல்லில் உட்கார்ந்தார்கள். நானும் ஸ்டெல்லாவும் பின்னால் சுவரில்.

மிஷேல் கேட்டார். “எதுக்குச் சொன்ன? அந்த ஆளு விட்டிருப்பான்.”

“விட்டிருப்பாரு பப்பா.”

“அப்பறம்?”

“பொய் சொல்லிட்டு ஒரு தடவ உள்ள போயிடலாம். அப்பறம் வேலைக்கு வர்றப்ப என்னா பண்றது?”

“எந்த வேலைக்கு?”

“அங்கதான்.”

மிஷேல் வடக்கே பார்த்தார். கலங்கரை விளக்கத்துக்கு அப்பால் இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

“பிரான்ஸ்ல, துலூஸ்ல இதவிடப் பெரிய ஸ்பேஸ் சென்டர் இருக்குது,” என்றார். சொன்ன வேகத்தில் நம்பிக்கை இல்லை.

“இருக்கட்டும் பப்பா.”

அவர் ஷூவைக் கழற்றினார். அதன் பளபளப்பு பழவேற்காட்டு உப்பில் போயிருந்தது. இரண்டையும் ஒன்றோடொன்று தட்டினார்; பக்கத்தில் வைத்தார்.

“சார்செலுக்கு நாளைக்கி போன் பண்ணணும்,” என்றார் ஸ்டெல்லாவிடம்.

“என்னான்னு?”

மிஷேல் சுண்டல்காரரைக் கூப்பிட்டு நான்கு பொட்டலம் வாங்கினார். கடற்கரையிலிருந்து கிளம்பும்போது மணி 8.20.

ஜூலைப் பயணச்சீட்டு ரத்தாயிற்று. ஜூன் மாதம் பள்ளிகள் திறந்தன. ரெஜினா அதே பள்ளியில் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தாள்.